பின்சீட்டுக் கூம்பண்ணன்

விதைப்பு வண்டியின் குழாயை வாயில் வைத்து ஊதிவிட்டு, மறுமுனையில் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கிறார். காற்று வருகிறது. கீழே வைக்கிறார். அடுத்த குழாய். அதில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, தம் பிடித்து ஊதுகிறார். போன பருவத்துக் கோதுமை மணி ஒன்று டொக்கென்று தரையில் விழுகிறது. அதைப் பொறுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இங்கதான் படுத்திருந்தியா? உன்கூட வந்ததெல்லாம் முளைச்சு, கதிர் விட்டு, அறுத்தும் ஆச்சு. நீ மட்டும் தூங்கிட்டிருக்க."

கொட்டகை வழியாகப் போகிறவர்கள் யாராவது, "என்ன கூம்பண்ணே, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். "டிக்கெட் வாங்கிட்டு உள்ள வா" என்பார், அடுத்த குழாயை எடுத்துக்கொண்டே. காற்றடிக்கிற கம்ப்ரஸர் இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. அதைத் தொட மாட்டார். "அது ஊதினா எல்லாம் போயிடும். எது அடைச்சிருந்துச்சுன்னு தெரியாமலே போயிடும்" என்பது அவர் கட்சி. ஊதி முடித்த பிறகு மீசை, புருவம், காது மடல் எல்லாம் தூசி. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசல் குழாயில் தலையைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது அவர் மனைவி போட்ட சட்டம்.

எங்களுடையது தானியப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணை. நான் விதை அறையில் இருக்கிறேன். விதையை எடை போட்டுச் சின்னச் சின்னக் காகித உறைகளில் அடைத்து, வயலில் எந்த வரிசையில் விதைக்க வேண்டுமோ அந்த வரிசையில் தட்டில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணுக்குள் அனுப்புவது அவர் வேலை. பல வருஷமாக நான் அடுக்குகிறேன், அவர் பிரிக்கிறார். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான்.

பண்ணையின் மேற்குக் கோடியில் இருக்கிற நிலத்தைப் பத்து வருஷத்துக்கும் மேலாக யாரும் உழவில்லை. உழாமலே பயிர் செய்தால் மண் என்ன ஆகிறது, உரத்தை எவ்வளவு, எந்த ஆழத்தில் கொடுத்தால் போதும் என்று பார்க்கிற சோதனை அது. அறுவடை முடிந்த பிறகு அரிதாள் நின்றபடி நிற்கும். வைக்கோல் கிடந்தபடி கிடக்கும். அந்தப் பாயின் மேல்தான் விதைப்பு வண்டி போக வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் கோத்திருக்கிற அந்த வண்டியில் முதலில் ஒரு வட்டத் தகடு வைக்கோலை அறுத்து, மண்ணில் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு போடும். கீறலுக்குள் ஒரு குழாய் வழியாக விதை விழும். இரண்டு விரல்கடை தள்ளி, இன்னும் கொஞ்சம் ஆழத்தில், வேறொரு குழாய் வழியாக உரம் விழும். கடைசியில் வருகிற சக்கரம் எல்லாவற்றையும் அமுக்கி மூடிவிடும். வண்டி போன பிறகு பார்த்தால், அங்கே ஏதோ நடந்தது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

சாதாரண வயலில் பெட்டி நிறைய விதையைக் கொட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம். சோதனை வயலில் அது நடக்காது. பாத்திக்குப் பாத்தி விதை வேறு, உரத்தின் அளவு வேறு. ஓர் உறையில் இருக்கிற விதை ஒரு பாத்தியின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக விழ வேண்டும். ஒரு மணிகூட அடுத்த பாத்திக்குள் போகக் கூடாது. அதற்காக வண்டியின் மேல், கவிழ்த்து வைத்த புனல் போல ஒரு கூம்பு இருக்கிறது. உச்சியில் இருக்கிற குவளையில் உறையைக் கொட்டிவிட்டு, எல்லைக் குச்சி வரும்போது குவளையைத் தூக்கினால் விதை கூம்பைச் சுற்றி வழிந்து இறங்கும். கூம்பு சுழலச் சுழலக் குழாய்களுக்குள் பங்கு பிரிந்து போகும். அந்தக் கூம்புக்குப் பின்னால் ஓர் இரும்பு சீட். அந்த சீட்டில்தான் அவர். டைரக்டர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் அவர் கூம்பண்ணன் ஆனது இப்படித்தான்.

ஆள் குள்ளம், நல்ல அகலம். இரும்பு சீட்டின் மேல் பழைய கார் ஒன்றின் மெத்தையை வெட்டிப் போட்டிருக்கிறார். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். "அது என் உருவத்துக்குப் பழகினது. நீ உக்காந்து கெடுத்துடாதே." சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீஸ்பூன் இருக்கும். வண்டி போன கீறலை அதால் மெல்லத் தோண்டி, விதை எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, உரம் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு கேன்டீனில் அதே ஸ்பூனால் டீயைக் கலக்குவார். எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்த்து, "கழுவிட்டேன்பா" என்பார். கழுவினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அடக்கமானவர் என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது. உரக் குழாயைத் தாங்குகிற பட்டை ஒன்றைப் புதிதாக வெல்டிங் செய்து மாட்டினார் ஒருமுறை. சோதனைக்குப் பொறுப்பான விஞ்ஞானி, நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், குனிந்து பார்த்துவிட்டு, "உரம் விதைக்கு ரொம்பக் கிட்ட விழுது. இளவேர் கருகிடும்" என்றார். "மேடம், என் பட்டை அசையாது" என்றார் இவர். "அசையாதுன்னுதான் நானும் சொல்றேன். தப்பான இடத்துல அசையாம இருக்கு." ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. முளைத்து வந்த பயிரில் பாதி நுனி கருகி நின்றது. மறுநாள் கூம்பண்ணன் பட்டையை அறுத்துத் தள்ளி மாட்டினார். அடுத்த வாரம் பார்க்க வந்த விருந்தினர்களிடம், "உரம் விதைக்குக் கிட்ட இருக்கக் கூடாது சார், அதான் நான் தள்ளி வெச்சேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பக்கத்திலேயே நின்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

விதைப்பு நாளில் அவரைப் பார்க்க வேண்டும். எல்லோரும் தயாராக இருப்பார்கள், வண்டி கிளம்பாது. காலையில் வைக்கோலில் பனி இருக்கும். ஈரமான வைக்கோலைத் தகடு அறுக்காது, மடித்துக் கீறலுக்குள் தள்ளிவிடும். விதை மண்ணைத் தொடாமல் வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொள்ளும். முளைக்காது. அதனால் ஒரு வைக்கோலை எடுத்துக் காதோரம் வைத்து முறுக்கிப் பார்ப்பார். "இன்னும் பேச மாட்டேங்குது." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "ம்ஹும்." மூன்றாவதோ நாலாவதோ தடவை அது நொறுங்குகிற சத்தம் அவருக்குக் கேட்கும். அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் கூம்பண்ணனைப் பாதிதான் சொன்னதாக ஆகும். விதைப்பு வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் டிராக்டரை நூல் பிடித்தாற்போல நேராக, ஒரே வேகத்தில் ஓட்டுகிறவர் ஒருவர்; பின்னால் விதை போடுகிறவர் ஒருவர். இந்த இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. வேலை நேரம் முழுக்கக் கூம்பண்ணனுக்குக் கண்ணெதிரே இருப்பது டிரைவரின் பின்மண்டை. "அவனுக்கு எப்ப நரைக்க ஆரம்பிச்சுதுன்னு அவன் பொண்டாட்டிக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்பார். டிரைவர் ஒல்லி, நெட்டை, பேச்சு குறைவு. இரண்டு பேருக்கும் இடையில் வாடா, போடாதான். "நிறுத்துடா!" "என்னடா?" "குழா அடைச்சிருச்சுடா!" இதெல்லாம் வயலுக்கு இந்தக் கோடியில் நிற்கிற எனக்கே கேட்கும்.

குழாயிலோ தகட்டிலோ வைக்கோல் சிக்கினால் கூம்பண்ணன் இறங்கிக் கையை உள்ளே விட்டு இழுத்துப் போடுவார். கையை விடுவதற்கு முன், "கை உள்ள!" என்று கத்துவார். முன்னாலிருந்து "சரி!" என்று வரும். எடுத்த பிறகு "கை வெளிய!" மறுபடி "சரி!" யாரும் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கமில்லை. அவர்களுக்குள் தானாக வந்தது.

கூம்பண்ணனின் மகளும் டிரைவரின் மகனும் ஒரே காம்பவுண்டில் பந்து பொறுக்கி வளர்ந்தவர்கள். ஒரு நாள் இரண்டு பேரும் வந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றார்கள். இரண்டு அப்பாக்களுக்கும் தலைகால் புரியவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. கல்யாணத்தால் கெட்டுப்போனது விதைப்பு வேலைதான். வாடா போடா என்று இருந்தவர்கள் ஒரே நாளில் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை டேய் என்று கூப்பிட முடியுமா? கூம்பண்ணனின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அந்தப் பருவத்தில், குழாய் அடைத்தால், "சம்பந்தி, கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று பின்சீட்டிலிருந்து வரும். அந்த வாக்கியம் முடிவதற்குள் வண்டி பாத்தியில் கால்வாசி தாண்டியிருக்கும். "உங்க மரியாதைக்கு என் பாத்தி தாங்காது" என்று டாக்டரம்மாவே தலையில் அடித்துக்கொண்டார்.

பேத்தி பிறந்தாள். ஒரு தாத்தா தூக்கினால் இன்னொரு தாத்தா கை நீட்டுவார். அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒத்துவரவில்லை. அடி உதை, குடி என்று சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. "ரெண்டும் நல்லதுங்கதான். சேர்த்து வெச்சா ஆகல" என்று ஒருமுறை கூம்பண்ணன் என்னிடம் சொன்னார். மகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பையன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான்.

பிரிவதற்கு முன் இரண்டு குடும்பமும் டிரைவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். டிரைவர், "பொண்ணுக்கு ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க சம்பந்தி" என்றாராம். கூம்பண்ணன், "உங்க பையனுக்கு ‘ம்’ங்கிறதைத் தவிர வேற வார்த்தை சொல்லிக் கொடுத்தீங்களா சம்பந்தி?" என்றாராம். அவ்வளவுதான் சண்டை. யாரும் குரலை உயர்த்தவில்லை.

"டேய்னு திட்டியிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும்மா. மரியாதையாத் திட்டிக்கிட்டோம் பாருங்க, அது உள்ளயே நின்னுடுச்சு" என்றார் கூம்பண்ணன் என்னிடம்.

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. பேத்தி பக்கத்து வீட்டிலேயே இருந்தால் தர்மசங்கடம் என்று கூம்பண்ணன் பண்ணைக்கு வெளியே வாடகை வீட்டுக்குக் குடிபோய்விட்டார். வேலையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. வேறு ஆளைப் போடட்டுமா என்று டாக்டரம்மா தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வேற ஆள் வெச்சா எனக்கு ஓட்ட வராது மேடம்" என்றார் டிரைவர். "வேற ஆள் ஓட்டினா எனக்கு விதை விழாது மேடம்" என்றார் கூம்பண்ணன். அடுத்த விதைப்புக்கு வண்டி வெளியே வந்தபோது பின்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சைக்கிள் மணி மாட்டியிருந்தது. ஒரு தடவை அடித்தால் நிறுத்து. இரண்டு தடவை அடித்தால் போ. யாரும் யாருக்கும் விளக்கவில்லை. இரண்டாவது பாத்தியிலேயே டிரைவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பருவம், அதற்கடுத்த பருவம், எல்லாம் மணியிலேயே ஓடின. வயலில் எஞ்சின் சத்தமும் மணிச் சத்தமும் மட்டும்தான். பாத்திகள் என்னவோ நூல் பிடித்தாற்போலத்தான் வந்தன.

இந்த வருஷம் மேற்கு நிலத்தில் விதைத்த அன்று நானும் வயலில் இருந்தேன். சாயங்காலம் மழை வரும் என்று வானிலைச் செய்தி. மழைக்கு முன் விதைத்தாக வேண்டும். காலைப் பனியோ உலர்வதாக இல்லை. வைக்கோல் பேச ஆரம்பித்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. உறைத் தட்டுகளோடு நான் வரப்போரத்தில் நின்றேன். டாக்டரம்மா மறுகோடியில் எல்லைக் குச்சிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மளமளவென்று போய் வந்தது.

பாதி நிலம் முடிந்திருக்கும். தகட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வைக்கோல் உருண்டை ஒன்று சிக்கிக்கொண்டது. கூம்பண்ணன் ஒரு மணி அடித்தார். வண்டி நின்றது. டிரைவர் லீவரைத் தூக்க, விதைப்பு வண்டி தரையிலிருந்து மேலே எழும்பியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கூம்பண்ணன் இறங்கி, மண்டியிட்டு, தகட்டுக்கடியில் தோள்வரை கையை விட்டார். கை உள்ளே என்று சொல்லவில்லை. சொல்வதற்கு மணியில் இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்து, வயலோரப் பாதையில் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போன ஓர் ஆள், குறுக்கே நின்ற நாயை விலக்க மணி அடித்தான். இரண்டு தடவை.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? இத்தனை நாளும் பார்த்ததில்லை. லீவரை இறக்கினார். வண்டி மூச்சு விடுகிற சத்தத்தோடு கீழே இறங்கத் தொடங்கியது. அடியிலிருந்து கூம்பண்ணன் கத்தினார்:

"டேய்! நிறுத்துடா! கை! கைடா!"

எஞ்சின் அணைந்தது. டிரைவர் லீவரைப் பிடித்து நிறுத்த, வண்டி பாதியில் நின்றது. டிரைவர் படியில் கால் வைக்காமல் அப்படியே குதித்து ஓடிவந்தார். சட்டைக் கை தகட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். கூம்பண்ணனின் கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே தோல் வழன்று ரத்தம் கசிந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

"அஞ்சும் இருக்காடா?" என்றார் டிரைவர்.

"எண்ணிப் பாரேன். உன் கையிலதானே இருக்கு."

"எதுக்குடா ரெண்டு தடவை அடிச்ச?"

"நான் எங்கடா அடிச்சேன்? கையை உள்ள விட்டுட்டு மூக்காலயா அடிப்பேன்?"

"கை உள்ளன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன? கழுத்து சுளுக்கிக்குமா?"

"நீ பேச மாட்டே, நான் திரும்பணுமா?"

"நான்தான் பேசலைன்னா நீ பேச வேண்டியதுதானேடா!"

தண்ணீர்க் கேன்காரன் தூரத்தில் நின்று திருதிருவென்று விழித்தான். இருவருக்கும் மூச்சு வாங்கியது. டிரைவர் கையை இன்னும் விடவில்லை. அதைக் கவனித்தவர் போலச் சட்டென்று விட்டார்.

டாக்டரம்மா ஓடி வந்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து காயத்தைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினார். பிறகு ஆரம்பித்தார். "எஞ்சினை அணைக்காம யாராவது அடியில கை விடுவாங்களா? பெரியவங்கதானே ரெண்டு பேரும்? எஞ்சினை அணைக்கச் சொல்ல வேண்டியது நான். இத்தனை நாள் பார்த்துட்டுச் சும்மா இருந்தது என் தப்பு. ஆனா உங்க வீட்டுச் சண்டையை என் வண்டியில ஏத்தாதீங்க." ஸ்பேனரை எடுத்து அவரே மணியைக் கழற்றினார். "இனிமே வாயால சொல்லணும். முடியாதுன்னா ரெண்டு பேரும் விதை அறையில போய் உட்காருங்க." விதை அறையில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிற எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "மழை வருது மேடம். முடிச்சுட்டுப் போறேன்" என்று கூம்பண்ணன் மெத்தையைத் தட்டிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். பேரம் பேசி, மீதிக்கு நான் தட்டோடு கூடவே நடந்து உறைகளைப் பிரித்துக் கையில் கொடுப்பது என்று ஆயிற்று. அப்படித்தான் அன்று மீதி நிலத்தை விதைத்தோம். நடுவில் ஒரு தடவை வைக்கோல் சிக்கியது. எஞ்சின் அணைந்தது.

"கை உள்ள."

"சரி."

"கை வெளிய."

"சரி."

வேறு பேச்சு இல்லை. கடைசிப் பாத்தி முடிந்து வண்டியைக் கொட்டகைக்குள் விட்டபோது தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. மழை வலுத்தது. யாரும் வெளியே போக முடியவில்லை. கூம்பண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் டிராக்டரின் டயரில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் சுரண்டினார். பிறகு டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பாப்பாவுக்குப் பல்லு விழ ஆரம்பிச்சிருச்சா?"

கூம்பண்ணன் மழையைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல. கீழ ஒண்ணு ஆடுது."

"ம்" என்றார் டிரைவர். மறுபடி சுரண்டினார்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைக் கூம்பண்ணன்தான் பிறகு ஒரு நாள் விதை அறை வாசலில் நின்று சொன்னார். கையில் போட்ட கட்டைப் பார்த்து மனைவி அழுது முடித்த பிறகு, மகள் சோறு பிசைந்து கையில் கொடுத்திருக்கிறாள். அடிபட்டது வலக்கை. சாப்பிட்டுக்கொண்டே, டிரைவர் குழந்தையைப் பற்றிக் கேட்டதைச் சொன்னாராம். பாப்பாவை ஒரு தடவை பண்ணைக்குக் கூட்டிப் போனால் மகளுக்குக் கோபம் வருமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாராம்.

"எனக்கு அவர் மேல என்னப்பா கோபம்? பாப்பாவைப் பார்க்கக் கூடாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றிருக்கிறாள் மகள். "பாப்பாவோட அப்பா லீவுக்கு வந்தா வந்து பார்த்துட்டுத்தானே போறாரு? நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சோம், சரி. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் எதுக்குப்பா பிரிஞ்சீங்க?"

"என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வாயில சோறு இருந்துச்சு" என்றார் கூம்பண்ணன். சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேற்கு நிலத்தில் முளை கிளம்பிய ஒரு காலை. பழைய வைக்கோலை விலக்கிக்கொண்டு பச்சை ஊசிகள் கோடு கோடாக எழுந்திருந்தன. டாக்டரம்மா வரிசையாக நடந்து பார்த்து, ஒரு பாத்திகூட சொதப்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வரப்போரம் டிராக்டர் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதையில் கூம்பண்ணன் வந்தார். கையில் கட்டு இல்லை. அந்தக் கையின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, சிவப்புச் செருப்பு போட்ட சின்னப் பெண் ஒருத்தி கூட வந்தாள்.

டிரைவர் துணியைக் கீழே போட்டார். மறுபடி எடுத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"யாரு தாத்தா இது?" என்றாள் குழந்தை. கடைசியாகப் பார்த்தபோது அவள் ரொம்பச் சின்னவள், நினைவில்லை.

"இவரும் தாத்தாதான்."

"உனக்குத் தாத்தாவா?"

"எனக்கு இல்லடி. உனக்கு."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு தாத்தாவா?"

"ஆமா. ஒருத்தர் முன்னாடி உக்காருவாரு. ஒருத்தர் பின்னாடி உக்காருவாரு."

இது அவளுக்கு நியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். "நான் முன்னாடி" என்றாள்.

கூம்பண்ணன் அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். டிரைவர் ஏறி உட்கார்ந்து, கைகளை நீட்டினார். நீட்டியவர் அப்படியே இருந்தார்; குழந்தை தானாக வந்து மடியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கைகள் மெல்ல மடங்கின. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஹாரன் எங்கே என்று கேட்டாள். டிரைவர் விரலால் காட்டினார்.

கூம்பண்ணன் அங்கே நிற்கவில்லை. வயலுக்குள் பத்தடி நடந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வரிசை ஓரம் குந்தினார். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்த வரிசை அது. பின்னால் ஹாரன் அலறியது, குழந்தை வீறிட்டுச் சிரித்தாள், மறுபடி அலறியது. அவர் திரும்பவில்லை. ஒரு முளையின் மேல் சாய்ந்து கிடந்த வைக்கோலை இரண்டு விரலால் எடுத்தார். அடியில் பார்த்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு அடுத்த வைக்கோலை எடுத்தார்.